கடலூர்ல பேஸ்கட்பால் கோச்சிங்: பாப்பா 5 மாசமா போறா, என் ரிவ்யூ

பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல் விட்டு வந்தா போனும் கையுமாவே கெடந்தா, எதையாவது விளையாடித் தொலையட்டும்னு தான் மஞ்சக்குப்பம் பக்கம் சாயங்காலம் நடக்கிற இந்த கோச்சிங்ல சேர்த்தேன். நடத்துறவர் ஒரு காலேஜ்ல பிசிக்கல் டைரக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், பாட்டியாலாவுல இருக்கிற என்ஐஎஸ்ல (தேசிய விளையாட்டு நிறுவனம்) கோச்சிங் டிப்ளமோ முடிச்சவர். பேர் போட மாட்டேன், அவருக்கு பிடிக்காது.

மொத நாள் பந்தையே தொட விடல. ஷூவ கழட்டச் சொல்லி, சாக்ஸ சுருக்கம் இல்லாம இழுத்து போடறது, லேஸ கட்டுறதுன்னு இருபது நிமிஷம். சாக்ஸ் போட கத்துக்கவா ஃபீஸ் கட்டினோம்னு எனக்கு செம கடுப்பு, போய் கேட்டே கேட்டுட்டேன். அதுக்கு சார் சொன்னது: அமெரிக்காவுல யுசிஎல்ஏ காலேஜ் பேஸ்கட்பால் கோச் ஜான் வுடன் இருந்தார்ல, அவரும் மொத நாள் பசங்களுக்கு இதத்தான் சொல்லித் தருவாராம், சுருக்கம் இருந்தா கால்ல கொப்புளம், கொப்புளம் வந்தா ப்ராக்டிஸ் போச்சு, அவ்ளோ தான். அந்த மனுஷன் 1948ல அங்க வந்து சேர்ந்தார், மொத தேசிய சாம்பியன்ஷிப் அடிச்சது 1964ல, அப்புறம் 1975க்குள்ள மொத்தம் 10 கப்பு, அதுல 7 வருசையா. "நம்ம ஊரா இருந்தா மூணாவது வருஷமே மேனேஜ்மென்ட் ஆள மாத்தியிருக்கும் சார்"னு நம்ம கோச் சிரிக்கிறார். பாப்பா எப்ப டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு வருவான்னு கேட்கலாம்னு தான் போனேன், கேட்காமலே வந்துட்டேன்.

அவர் சொந்த கதைய பிட்டு பிட்டா தான் சொல்வார். வேலைக்கு சேர்ந்தப்ப மண் கோர்ட்டாம், சிதம்பரத்துக்கு மேட்ச்னா கவர்மென்ட் பஸ்ல பந்து மூட்டைய மடியில வச்சுட்டு போவாங்களாம், ஜெர்சிய வீட்டுக்கு எடுத்துட்டு போய் அவரே தொவச்சிருக்கார். எனக்கு பாட் சம்மிட் ஞாபகம் வந்துச்சு, 1974ல 22 வயசுல அமெரிக்காவுல டென்னசி யுனிவர்சிட்டி பொண்ணுங்க பேஸ்கட்பால் டீமுக்கு கோச் ஆனவங்க, ஆரம்பத்துல டீம் வேன ஓட்டினதும் யூனிஃபார்ம் தொவச்சதும் அவங்களே தான், 2012ல விலகறப்ப 1,098 வெற்றி, 8 சாம்பியன்ஷிப். சரி நீங்க எத்தன மேட்ச் ஜெயிச்சீங்கன்னு சார்கிட்ட கேட்டேன். எழுதி வச்ச நோட்டு 2011 தானே புயல்ல ஊறி கூழாயிடுச்சாம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே, போலீஸ்னு போன பசங்க லிஸ்ட் வேணா சொல்றேன்னு ஆரம்பிச்சார் பாருங்க, பால் வாங்கணும்னு பொய் சொல்லிட்டு தான் வண்டி எடுத்தேன்.

சொல்லித் தர்றதுல குறையே சொல்ல முடியாது. முன்னாடி வேற ஒரு இடத்துல எல்லா புள்ளைங்களுக்கும் ஆம்பளைங்க ஆடற பெரிய 7ம் நம்பர் பந்த குடுத்து எறிய விட்டாங்க, பாப்பா ரெண்டு கையாலயும் தூக்கி வீசி பழகிட்டா. இவர் பொண்ணுங்களுக்கு 6, பொடிசுங்களுக்கு 5னு பிரிச்சு வச்சிருக்கார். ஒரு மாசம் ரிங்குக்கு பக்கத்துலயே நிக்க வச்சு ஒத்த கையில ஷூட், அதுக்கப்புறம் இடது கை லேஅப் (ஓடி வந்து ரிங்குக்கு பக்கத்துல எம்பி போடறது). இப்பவும் இடது பக்கம் போனா பாதி தடவ உள்ள போகாது, ஆனா பந்த பார்க்காமலே தரையில தட்டி தட்டி ஓட்டிட்டு போறா. தப்பு பண்ணா ரோட்டுக்கே கேக்கற மாதிரி கத்துவார், அதுக்கு அழற புள்ளைங்க இருக்கு, யோசிச்சு சேருங்க.

இடம் தான் சுமார். சிமென்ட் தரை, விழுந்தா முட்டி போச்சு. கடல் காத்துல ரிங்கெல்லாம் துரு, ஒன்னுல வலையே இல்ல. ஒரு லைட் நான் சேர்த்ததுல இருந்தே எரியல, பொண்ணுங்க ட்ரெஸ் மாத்த இடம் கெடயாது. ஐப்பசி கார்த்திகையில பாதி நாள் மழை, ஆனா ஃபீஸ்ல ஒத்த ரூபா கொறைக்கல. வராண்டாவுல உக்கார வச்சு சாக்பீஸ்ல கோர்ட் வரைஞ்சு யார் எங்க ஓடணும்னு நடத்துறார், அதுவும் க்ளாஸ் தானாம். எனக்கு ஒத்துக்க முடியல, பாப்பாவுக்கு அது தான் ரொம்ப பிடிச்சிருக்கு.

5க்கு 4 குடுப்பேன். கொசு ஜாஸ்தி, ஓடோமாஸ் தடவி அனுப்புங்க. ஷூ வாங்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க, நான் ஆசையா வாங்கின ரன்னிங் ஷூவ மொத நாளே வேணாம்னுட்டார், இப்ப அத போட்டுட்டு நான் தான் சில்வர் பீச்ல வாக்கிங் போறேன்.