அறிவியல் விழாவுக்கு எந்த வாயுக் கோள்?

பினாங்குத் தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில் மகள் எதைக் காட்டுவது? 51 பெகாசி பி-யா, எச்டி 189733 பி-யா? இரண்டுமே தொலைதூர விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் வாயுக் கோள்கள்.

51 பெகாசி பி-க்குப் பெயர் பெரிது. 1995இல் அதைக் கண்டுபிடித்த வானியலாளர்கள் மேயருக்கும் கெலோவுக்கும் 2019இல் நோபல் பரிசே கிடைத்தது. ஓர் ஆண்டு அங்கே 4.2 நாள்தான். ஆனால் கோள் இழுப்பதால் விண்மீனுக்கு வரும் சிறு தள்ளாட்டத்தை வைத்துக் கண்டறிந்த கோள் அது. மேசையில் செய்துகாட்டுவது சிரமம்.

எச்டி 189733 பி-யின் கதையே வேறு. 2.2 நாளுக்கு ஒருமுறை விண்மீனுக்குக் குறுக்கே போகும். அப்போது ஒளி சுமார் 2.4 சதவீதம் மங்கும். டார்ச் லைட்டும் ஒரு கோலியும் போதும், செய்துகாட்டிவிடலாம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி கண்ட நிறமோ ஆழ்ந்த நீலம். கடல் என்று நினைத்துவிடாதீர்கள், பகல் பக்கம் 900 பாகை செல்சியஸுக்கு மேல்!

சரி, வானத்தில் பார்க்க முடியுமா? ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தில் இரண்டின் விண்மீன்களும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. என் ஓட்டு நீலத்துக்கே.