இயேசுவா, பவுலா: கிறிஸ்தவத்தைத் தொடங்கியவர் யார்?

கிறிஸ்தவம் யாரிடம் தொடங்கியது என்ற கேள்விக்கு யூத அறிஞர்கள் பலர் சொல்லிவந்த பதில்: இயேசுவுக்குப் பின் அவரைப் பற்றிய செய்தியை யூதரல்லாதவர்களிடம் கொண்டுபோன பவுல். திருச்சபையின் பதில்: இயேசு, அவருடைய உயிர்த்தெழுதல்.

யூதத் தரப்பைத் தெளிவாக வைத்தவர்களில் ஒருவர் யோசேப் கிளாவுஸ்னர். 1922இல் எருசலேமில் ஹீப்ரு மொழியில் இயேசுவைப் பற்றி நூல் வெளியிட்டவர். இயேசு யூதராகவே வாழ்ந்து யூதராகவே இறந்தார், புதிய மதம் அமைக்க அவர் நினைக்கவில்லை, யூதரல்லாதவர்களுக்கான மதமாக அதை ஆக்கியவர் தர்சு பட்டணத்துப் பவுல் என்பது அவர் வாதத்தின் சாரம். இது யூதர்கள் மட்டுமே சொன்னதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுலைக் கிறிஸ்தவத்தின் இரண்டாம் நிறுவனர் என்று எழுதிய வில்லியம் வ்ரேட ஒரு லுத்தரன் அறிஞர்!

கிறிஸ்தவத் தரப்பின் பலம் பவுலின் கடிதங்களிலேயே இருக்கிறது. கிறிஸ்து மரித்தார், உயிர்த்தெழுந்தார், தம் சீடர் பேதுருவுக்குத் தரிசனமானார் என்ற செய்தியைத் தானும் பிறரிடம் பெற்றதாகவே கொரிந்தியருக்கு எழுதுகிறார். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், அதற்கு முன் இயேசுவை நம்பியவர்களின் சபையைத் தான் துன்புறுத்தியதையும் கலாத்தியருக்குச் சொல்கிறார். தான் துன்புறுத்திய நம்பிக்கையைத் தானே எப்படி உருவாக்கியிருக்க முடியும்? கிரேக்க மொழிச் சபைக்கு எழுதும்போதுகூட ‘மாரநாதா’ (எங்கள் ஆண்டவரே, வாரும்) என்ற வேண்டலை, இயேசு காலத்து யூதர்கள் பேசிய அரமேய மொழியில் அப்படியே வைக்கிறார். இயேசுவை ஆண்டவர் என்று அழைத்தது அரமேயம் பேசிய யூதர்களிடையே தொடங்கியது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் இல்லை. இந்த இடத்தில் கிறிஸ்தவர்கள் சொல்வதே சரி என்று படுகிறது.

ஆனால் பவுலுக்கு முன்பே நம்பினார்கள் என்பதால் நம்பியது உண்மையாகிவிடாது. 1263இல் பார்சிலோனாவில் அரசர் முன்னிலையில் நடந்த விவாதத்தில் யூத மதகுரு ரபி நக்மானிதேஸ் பிடித்த பிடி அதுதான்: யூதர்கள் காத்திருக்கும் மீட்பரான மேசியா இயேசுவாக வந்துவிட்டார் என்றால், அவர் காலத்திலிருந்து இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருப்பது ஏன்? இயேசு மீண்டும் வந்து அதை முடிப்பார், அதாவது இரண்டாம் வருகை என்ற பதில் கிறிஸ்தவருக்குப் போதும், யூதருக்குப் போதாது.

நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், என்று வந்தால் யூதத் தரப்பு ஓங்குகிறது. உணவு விதிகளை இயேசுவே நீக்கிவிட்டார் என்றால், யோப்பாவில் தரிசனம் கண்ட பேதுரு, தீட்டானது எதையும் தான் ஒருநாளும் உண்டதில்லை என்று ஏன் மறுக்கிறார்? எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உண்பதை விட்டு ஏன் ஒதுங்குகிறார்? பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். இயேசு தெளிவாகத் தீர்த்துவைத்த விஷயத்துக்கு இத்தனை சண்டை வந்திருக்காது.

இரு தரப்புக்கும் நடுவே பதினெட்டாம் நூற்றாண்டில் ரபி யாக்கோபு எம்டன் ஒரு வழி சொன்னார். இயேசுவும் பவுலும் யூதர்களைத் தோராவிலிருந்து, அதாவது மோசேயின் சட்டத்திலிருந்து, விலக்கவில்லை. புறஜாதியாருக்கு, மனிதர் அனைவருக்கும் பொதுவானவை என்று யூத மரபு சொல்லும் நோவாவின் ஏழு கட்டளைகளையே கொடுத்தார்கள் என்றார். யூதரை வெறுப்பது கிறிஸ்தவ நாடுகளில் இயல்பாக இருந்த காலத்தில் இப்படி எழுதத் துணிவு வேண்டும். பவுலை யூத மதத்துக்குள்ளேயே வைத்துப் படிக்கும் இன்றைய ஆய்வாளர்கள் சிலரும் ஏறத்தாழ இதே பக்கம் வருகிறார்கள். எருசலேமில் சபைத் தலைவர் யாக்கோபு கேட்டதும் பவுல் யூத ஆலயத்தில் சுத்திகரிப்புச் சடங்கு செய்துகொண்டதாகப் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வது அவர்களுக்கு நல்ல சான்று. நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிருப்பதை அடிமைத்தனத்தோடு ஒப்பிடும் பவுலின் கலாத்தியர் நிருபத்தை வைத்துக்கொண்டு எம்டனின் வழியை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை.