சீன ராணுவத்தின் செலவு: ஐந்து கணக்குகளில் எதை எடுப்பது?

2024-இல் சீனா தன் ராணுவத்துக்கு எவ்வளவு ஒதுக்கியது? பெய்ஜிங் சொல்லும் விடை 1.67 லட்சம் கோடி யுவான். டாலரில் சுமார் 23,000 கோடி. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் 31,400 கோடி டாலர் என்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனின் 2024 அறிக்கை 33,000 கோடியில் தொடங்கி 45,000 கோடி வரை ஒரு நீண்ட இடைவெளியைத் தந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் டெய்லர் ஃப்ரேவலும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 47,400 கோடி என்கிறார்கள். வாஷிங்டனின் அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த மெக்கன்சி ஈகிளன், 2022-ஆம் ஆண்டுக்கே 71,100 கோடி என்று எழுதினார்.

ஒரே ராணுவத்தின் செலவுக்கு ஐந்து விடைகள். கடைசி விடை முதல் விடையைப் போல மூன்று மடங்கு. சீனா குறித்துக் கொள்கைக் குறிப்பு எழுதும் எவரும் முதல் பத்தியிலேயே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடுகளுக்கு இடையே ஒப்பிட சிப்ரி. அமெரிக்காவோடு மட்டும் ஒப்பிட ஃப்ரேவல் குழுவின் கணக்கு. 71,100 கோடியை நான் எடுப்பதில்லை.

பெய்ஜிங்கின் கணக்கைப் பொய் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அது அவசரத் தீர்ப்பு. ஒவ்வொரு மார்ச்சிலும் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸில் வெளியாகும் இந்தத் தொகை குறைத்துச் சொல்லப்படுவதுதான்; ஆனால் திசையைக் காட்டுவதில் அதற்கு ஈடு இல்லை. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உயர்வு 7.2 சதவீதம். வீட்டுமனைத் துறை சரிந்து, மாகாண அரசுகள் கடனில் திணறிய காலத்திலும் இந்த விகிதம் அசையவில்லை. ராணுவத்தைத் தலைமை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறெந்த மதிப்பீட்டிலும் கிடைக்காது. 2019-இல் வந்த பாதுகாப்பு வெள்ளை அறிக்கை இன்னொரு உதவியும் செய்தது. 2017-ஆம் ஆண்டுச் செலவில் 30.8 சதவீதம் ஆட்களுக்கு, 28.1 பயிற்சிக்கும் பராமரிப்புக்கும், 41.1 தளவாடங்களுக்கு என்று அது பிரித்துக் காட்டியது. இந்தப் பிரிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொகையில் விடுபட்டவை என்னென்ன என்பதிலிருந்துதான் சிப்ரியின் வேலை தொடங்குகிறது. மக்கள் ஆயுதக் காவல் படை, கடலோரக் காவல் படை, ஆராய்ச்சிச் செலவின் ஒரு பகுதி, படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கான தொகை போன்றவை அறிவிக்கப்பட்ட ராணுவ பட்ஜெட்டுக்கு வெளியே வேறு தலைப்புகளில் இருக்கின்றன. சிப்ரி அவற்றைத் தேடியெடுத்துக் கூட்டுகிறது. பிறகு சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்குகிறது. இந்த நிறுவனத்தின்மீது எனக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம் 2021-இல் அது செய்த திருத்தம். முறையை மறுபரிசீலனை செய்து, 2019-க்கான தன் மதிப்பீட்டை 26,100 கோடி டாலரிலிருந்து 24,000 கோடியாகக் குறைத்தது. சீனா குறித்த எண்கள் மேல்நோக்கி மட்டுமே நகர்ந்த காலத்தில், ஒரு நிறுவனம் தன் எண்ணைத் தானே கீழே இறக்கியது.

பெண்டகனின் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெய்ஜிங் அறிவித்த தொகையைவிட 40 முதல் 90 சதவீதம் கூடுதல் என்றது அந்த 2024 அறிக்கை. எப்படி என்று விவரிக்கவில்லை. எல்லாக் கட்சிக்கும் ஏதோ ஒரு முனையைக் கையில் கொடுத்துவிடும் மதிப்பீடு இது.

உண்மையான சண்டை கடைசி இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: சீனாவில் ஒரு யுவான் எவ்வளவு வாங்கும்? 2024-இல் சந்தையில் ஒரு டாலருக்கு ஏழு யுவானுக்கு மேல். உள்ளூர் விலைவாசியை வைத்துப் பார்க்கும் வாங்கும் திறன் சமநிலைக் கணக்கிலோ நான்கு யுவானுக்கும் குறைவு. ஆகவே சீனச் சிப்பாயின் சம்பளத்தைச் சந்தை விகிதத்தில் மாற்றினால் அவருடைய உழைப்பு பாதி விலைக்குப் போய்விடுகிறது. இந்த வாதம் சரியானதே. அதை எல்லாத் தலைப்புக்கும் ஒரே பெருக்கலாக நீட்டும்போதுதான் சிக்கல். வெள்ளை அறிக்கையின் பிரிவு இங்கேதான் உதவுகிறது. சம்பளப் பங்கு மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. மீதியில் பெரும்பங்கு தளவாடம். 2015-இல் ரஷ்யாவிடம் 24 சுகோய்-35 போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் போட்டபோது, உள்ளூர் விலைவாசியைக் காட்டி மாஸ்கோவிடம் தள்ளுபடி கேட்டிருக்க முடியாது. உள்நாட்டிலேயே செய்தாலும், உயர்நுட்பப் பொருள்களின் விலை முடிதிருத்தும் கட்டணம்போல நாட்டுக்கு நாடு அவ்வளவு மாறுவதில்லை.

ஈகிளன் மறைந்த செலவுகளைத் தாராளமாகக் கூட்டி, அதன்மேல் விலை வேறுபாட்டையும் ஏற்றுகிறார். அதைவிட எனக்கு உறுத்துவது, அந்தத் தொகைக்குப் பக்கத்தில் எந்த அமெரிக்கத் தொகை வைக்கப்படுகிறது என்பது. சீனாவுக்கு எல்லாக் கதவுகளையும் திறந்து எண்ணிவிட்டு, அமெரிக்காவுக்குப் பெண்டகன் பட்ஜெட்டை மட்டும் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று தோன்றும். அமெரிக்காவின் அணு ஆயுதச் செலவு எரிசக்தித் துறையில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்குத் தனித் துறை. கடலோரக் காவல் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ். ஃப்ரேவல் குழு இவற்றையும் சேர்த்து அமெரிக்கத் தொகையை 1.3 லட்சம் கோடி டாலராக்கியது. அப்படிப் பார்த்தால் சீனாவின் செலவு அதில் 36 சதவீதம். இரு பக்கமும் ஒரே அளவுகோல் என்பதால்தான் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கிறது. தொகை நடுவில் இருப்பதால் அல்ல.

கணக்கு மாறியதை அச்சுறுத்தல் பெருகியதாகப் படிப்பதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1976-இல் சி.ஐ.ஏ., சோவியத் பொருளாதாரத்தின்மீது ராணுவம் ஏற்றும் சுமை 6 முதல் 8 சதவீதம் என்ற தன் மதிப்பீட்டை 11 முதல் 13 சதவீதமாக உயர்த்தியது. டாங்குகளோ ஏவுகணைகளோ இரு மடங்காகிவிடவில்லை. அவற்றைச் செய்ய மாஸ்கோவுக்கு நினைத்ததைவிட அதிக ரூபிள் செலவாகிறது என்பது தெரியவந்தது. அதாவது சோவியத் தொழிற்சாலைகள் திறமை குறைந்தவை. ஆனால் அரசியல் களத்தில் அந்த எண் பெரிய அச்சுறுத்தலாகவே படிக்கப்பட்டது.

வாங்கும் திறன் கணக்கைச் சோதிக்க நம் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சிப்ரியின்படி 2024-இல் இந்தியாவின் ராணுவச் செலவு 8,610 கோடி டாலர். சீனாவின் செலவு அதைப்போல 3.6 மடங்கு. இப்போது இரண்டையும் வாங்கும் திறனுக்கு மாற்றுங்கள். யுவான் ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருகும். ரூபாயோ நான்கு மடங்கு. இடைவெளி இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும்! லடாக்கில் நிற்கும் எந்தத் தளபதியும் எதிர்த்தரப்பு பாதியாகிவிட்டதாக உணரமாட்டார். காரணம் எளிது. 2025–26 இந்தியப் பாதுகாப்பு பட்ஜெட்டான 6.81 லட்சம் கோடி ரூபாயில் 1.6 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போகிறது. அதைப் பெருக்கினால் ஒரு பீரங்கிகூடக் கூடாது. அமெரிக்காவோடு ஒப்பிடும்போது 71,100 கோடியை விரும்பி மேற்கோள் காட்டுபவர்கள், அதே முறையை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஐந்து கணக்குகளுக்கும் எட்டாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று கப்பல் தளங்கள். ஃபூஜியான் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய ஷாங்காயின் ஜியாங்னான் தளம் வணிகக் கப்பல்களையும் கட்டுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் கொடுக்கும் ஆர்டர்கள் அதே பாரந்தூக்கிகளையும் அதே தொழிலாளர்களையும் பாதுகாத்து வைக்கின்றன. அந்த உதவிக்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. இங்கே உண்மைச் செலவு தெரிவதைவிட அதிகம்.

மற்றொன்று எதிர்த்திசையில் இழுக்கிறது. 2023 ஜூலையில் சீனாவின் மத்திய ராணுவ ஆணையத்தின் தளவாட மேம்பாட்டுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2017 அக்டோபர் முதல் நடந்த கொள்முதல் முறைகேடுகள் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. 2017 முதல் 2022 வரை அந்தத் துறைக்குத் தலைமை தாங்கியவர் லீ ஷாங்ஃபூ. பிறகு பாதுகாப்பு அமைச்சரானார். சில மாதங்களிலேயே பதவி இழந்தார். 2024 ஜூனில் லஞ்சக் குற்றச்சாட்டில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் யார் யார் கைக்கோ போய்ச்சேர்ந்த யுவான்கள் ஐந்து கணக்குகளிலும் ராணுவச் செலவு என்றே ஏறியிருக்கின்றன. ஈகிளனின் பட்டியலில் டாலராகப் பெருக்கப்பட்டும்.