மொரிஸ் மைனரின் பிறேக் பெடல் கீழே போனால்: றப்பர் கிற், புதிய சிலிண்டர், சிலீவ் ஆகியவற்றுள் எது?

ஆண்டு முழுவதும் கராச்சில் உறங்கிவிட்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் வெளியே எடுக்கப்படும் மொரிஸ் மைனர்களில் ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: பிறேக் பெடல் பாதித் தூரத்துக்கும் மேலாக இறங்கிய பின்னர்தான் கார் நிற்கத் தொடங்குகிறது. இதற்கு உடனடியாகச் சொல்லப்படும் தீர்ப்பு, மாஸ்ரர் சிலிண்டர் (பெடலின் மிதியைப் பிறேக் ஒயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்) பழுதாகிவிட்டது, புதியது போடவேண்டும் என்பதாகும். அந்தத் தீர்ப்பு பொருந்தும் கார்களும் உண்டு. பொருந்தாத கார்கள் அதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

இந்தக் காரில் அவசரப்படக் கூடாது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சஸியின் உட்புறத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. பிறேக் ஒயில் விடுவதற்கே கம்பளத்தை விலக்கி, தரையிலுள்ள மூடியைத் திறக்கவேண்டும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ற்றுகளை உருவப் போனால் முன் சஸ்பென்ஷனின் ரோர்ஷன் பார் (முறுகி வில்போல வேலை செய்யும் நீண்ட இரும்புத் தண்டு) குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்தி விலக்காமல் போல்ற் வெளியே வராது. கழற்றுவது ஒரு நாள் வேலை, பூட்டுவது இன்னொரு நாள் வேலை. ஆகவே எந்தப் பாகம் மலிவு என்று பார்ப்பதற்கு முன்னர், பழுது உண்மையில் சிலிண்டரில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

அதைப் பெடலே ஓரளவு சொல்லிவிடும். முதல் மிதியில் தாழ்ந்து, உடனே இரண்டாவது முறை மிதித்ததும் உயர்ந்து கல்லுப்போல நின்றால், பிறேக் சூவுக்கும் (லைனிங் ஒட்டிய, வளைந்த உராய்வுக் கட்டை) ட்றம்முக்கும் (சில்லோடு சுழலும் உருளை) இடையிலான இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். சிலிண்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயர்ந்தாலும் ஈரப் பஞ்சை மிதிப்பது போன்ற உணர்வு இருந்தால் குழாய்களுக்குள் காற்று இருக்கலாம். ஆனால் அண்மையில் லைனிங் மாற்றிய காராக இருந்தால், புதிய லைனிங்கின் வளைவு பழைய ட்றம்மின் வளைவோடு பொருந்தாமல் ஓரங்கள் மட்டும் தொடுவதும் இதே பஞ்சுத்தன்மையைத் தரும். அத்தகைய காரில் எத்தனை போத்தல் ஒயிலை ஊற்றிக் காற்றெடுத்தாலும் மாற்றம் தெரியாது. மூன்றாவது வகைதான் மாஸ்ரர் சிலிண்டருக்கு உரியது: வெளியே ஒரு துளிக் கசிவும் இல்லாமல், காலை இலேசாக அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் தானாகவே வழுகித் தரையை நோக்கிச் செல்வது. வேகமாக மிதித்தால் அதே பெடல் பிடிக்கும், ஏனெனில் அழுத்தம் திடீரென ஏறும்போது பிஸ்ரனின் முன்னுள்ள கிண்ண வடிவக் கப் றப்பர் விரிந்து சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மென்மையாக மிதிக்கும்போது ஒயில் அதைக் கடந்து பின்னால் நழுவுகிறது. கோளாறு வீதியில் ஓடும்போது தெரியாமல் சந்தியில் காத்து நிற்கும்போது மட்டும் தெரிவது இதனால்தான். பெடல் கடினமாக இருந்தும் கார் நிற்காவிட்டால், பின் அக்சிலின் ஒயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஐயத்தை முற்றாகத் தீர்க்க, குழாய்களை இறுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. மைனரில் வளையும் றப்பர்க் குழாய்கள் மூன்று: முன் சில்லுகளுக்கு ஒவ்வொன்று, பின் அக்சிலுக்கு ஒன்று. இதற்கெனவே செய்யப்பட்ட, உருண்டை விளிம்புள்ள கிளாம்ப்பினால் மூன்றையும் இறுக்கியபின் பெடல் உயரமாகவும் உறுதியாகவும் நின்றால் மாஸ்ரர் சிலிண்டர் குற்றமற்றது. பின்னர் ஒவ்வொன்றாகத் தளர்த்த, எந்தக் குழாயைத் தளர்த்தும்போது பெடல் இறங்குகிறதோ, பழுது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றும் இறுகிய நிலையிலும் பெடல் வழுகினால் சிலிண்டரைக் கழற்றத் தயாராகலாம். வெடிப்பு விழுந்த பழைய குழாய்களில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. அத்தகைய குழாய்களை எப்படியும் மாற்றவேண்டும்.

நான் இந்தச் சோதனையைக் காலம் தாழ்த்தியே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் காருக்குப் புதிய மாஸ்ரர் சிலிண்டர் வாங்கி, இரண்டு நாள் மெனக்கெட்டுப் பூட்டி, காற்றும் எடுத்து மிதித்தபோது பெடல் முன்னர் நின்ற அதே இடத்தில்தான் நின்றது. பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற அயலவர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, சில்லுக் கப்பைக் கழற்றிப் பாத்தனியோ?" என்று மட்டும் கேட்டார். பின் சில்லுகள் இரண்டிலும் அட்ஜஸ்ரர் (சூவை ட்றம்முக்கு அருகே நகர்த்தும் திருகு) துருவேறி இறுகிப்போயிருந்தது. முன் சில்லுகளில் இரண்டிரண்டு, பின் சில்லுகளில் ஒவ்வொன்று என ஆறு அட்ஜஸ்ரர்கள் உள்ளன. சில்லிலும் ட்றம்மிலும் உள்ள துளைகளை நேராக்கி, ஸ்குறூட்றைவரை உள்ளே விட்டு, சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்வாங்கவேண்டும். அரை மணி நேரத்தில் பெடல் மேலே வந்துவிட்டது. கழற்றி வைத்த பழைய சிலிண்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

சிலிண்டர்தான் பழுது என்று உறுதியானபின் உள்ள மூன்று வழிகளில் மலிவானது றப்பர் கிற், அதாவது உள்ளிருக்கும் றப்பர்களை மட்டும் மாற்றுவது. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல இருந்தால் இது போதும். ஆனால் கண்ணால் பார்ப்பதை நம்பாமல், சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கவேண்டும், குறிப்பாக அடிப்பக்கத்தில். ஒயிலில் சேரும் நீர் அங்கேதான் தங்கி வார்ப்பிரும்பை அரிக்கிறது. நகம் எங்காவது தடக்கினால், புதிய கப் றப்பரும் சில மாதங்களில் பழையதன் கதியை அடையும். மெல்லிய கீறல்களை ஹோன் செய்து (சாணைக்கல்லால் உட்சுவரை மெல்லத் தேய்த்து) நீக்கலாம். குழிகளை நீக்கும் அளவுக்குத் தேய்த்தால் துளை பெருத்து, கப்புக்கு இறுக்கம் போதாமல் போய்விடும். உட்சுவரைக் கழுவுவதற்குப் பிறேக் ஒயிலையோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றையோ தவிர வேறெதையும் பயன்படுத்தக்கூடாது. போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது இக்கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் நம்முடையது. அதனாலோ என்னவோ, எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. பிறேக் றப்பருக்கு அது நஞ்சு. பட்ட றப்பர் ஊதிப் பெருத்து, பெடல் திரும்பி வராமல் பிறேக் பிடித்துக்கொண்டே நிற்கும்.

புதிய சிலிண்டரின் நன்மை வேகம்: பெட்டியைத் திறந்து பூட்டவேண்டியதுதான். ஆனால் இன்று விற்கப்படுபவற்றின் தரம் ஒன்றுபோல இல்லை, உள்ளே இருப்பதும் பெரும்பாலும் அதே வார்ப்பிரும்பு. ஆண்டில் பதினொரு மாதம் நிற்கும் காரில் அது மீண்டும் அரிக்கப்படும். இதைத் தேர்ந்தெடுப்பவர், காரில் பூட்டுமுன்னரே மேசையில் வைத்து ஒயில் விட்டு, பிஸ்ரனை மழுங்கிய தண்டினால் அமுக்கி, அது தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டியபின் பெடலின் தள்ளு தண்டுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் சிறிய இடைவெளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் நுண்துளை மூடியே கிடந்து, ஓட ஓட பிறேக் இறுகும்.

மூன்றாவது வழி, பழைய சிலிண்டரைக் கடைந்து ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் சிலீவ் (மெல்லிய உட்குழாய்) இறக்கி, புதிய கிற் போடுவது. செலவு கூடியது, எல்லா லேத் பட்டறைகளாலும் செய்யக்கூடியதும் அல்ல. துளையின் அளவு இம்மியும் பிசகக்கூடாது. ஒயில் திரும்பும் அந்த நுண்துளையைச் சிலீவிலும் சரியான இடத்தில் இட்டு, அதன் விளிம்பில் பிசிர் இல்லாமல் மழுக்கவேண்டும். பிசிர் இருந்தால் ஒவ்வொரு மிதிப்பும் கப்பின் உதட்டைச் சீவும். இவ்வளவையும் சரியாகச் செய்பவர் கிடைத்தால், இதையே முதலாவதாக வைப்பேன். மூன்று வழிகளுக்கும் கழற்றிப் பூட்டும் உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்பை மறுபடி வேண்டாததாக்கும் வழி, விலை கூடியதாயினும் மலிவானதே. சுவர் குறையற்று இருந்தால் றப்பர் கிற் இரண்டாவது. சிலிண்டர் வெடித்தோ தொலைந்தோ போயிருந்தாலன்றிப் புதியதை நாடமாட்டேன்.

ஒயிலிலும் தெரிவு உண்டு. பிறேக் ஒயிலின் தர வகைகளான டொட் 3, டொட் 4 (DOT) இரண்டும் கிளைகோல் வகை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சிந்தினால் வர்ணத்தை உரிக்கும். நீர் கலவாத நிலையில் டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி. நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 பாகை. சிலிக்கன் வகையான டொட் 5 ஈரத்தை உறிஞ்சுவதில்லை, வர்ணத்தையும் தொடுவதில்லை என்பதால் நிறுத்தி வைக்கப்படும் காருக்கு ஏற்றதாகவே தோன்றும். ஆனால் அதனோடு கலக்கும் நுண்குமிழிகள் எளிதில் வெளியேறாமல் பெடலைச் சற்றுப் பஞ்சாக்கும்; பழைய ஒயிலோடும் கலக்கக்கூடாது. முழுத் தொகுதியையும் புதுப்பிக்கும்போது அன்றி அதற்கு மாறுவதில் பயனில்லை. டொட் 4 ஐ ஊற்றி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே எனக்கு உவப்பானது.

இந்தச் சந்தர்ப்பத்தில் டிஸ்க் பிறேக்குக்கு மாறலாமே என்று சிலர் கேட்பர். மாறலாம், ஆயினும் அது பெடல் கோளாறுக்கு மருந்தல்ல. ட்றம்முக்கென மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் வைக்கப்பட்ட, குழாய்களில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் செக் வால்வை நீக்காமல் மாற்றினால் டிஸ்க் எந்நேரமும் உரசிச் சூடாகும். இரண்டு தனித்தனி ஒயில் வழிகளைக் கொண்ட இரட்டைத் தொகுதிச் சிலிண்டருக்கு மாறுவதற்கு இதைவிட வலுவான நியாயம் உண்டு: மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் வழிதான், ஒரு குழாய் வெடித்தால் மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே.

எந்த வழியைத் தேர்ந்தாலும், சிலிண்டரைத் திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செலுத்தி, நட்டு ரோர்ஷன் பார் உள்ள பக்கம் வரும்படி இறுக்கிவிட்டால், அடுத்த முறை கழற்றுபவர் ரோர்ஷன் பாரைத் தொடவேண்டியிராது.