கட்டிடமா, பெயர்ப் பட்டியலா?

நியூயார்க்கின் ரோசான் ஹாகெர்ட்டி வீடற்றோருக்கு வீடு தர, கட்டிடத்தைத் தயார் செய்து வருகிறவர்களைக் குடியமர்த்துவது, தெருவில் இருப்பவர்களைப் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தேடிப் போவது என்ற இரண்டு வழிகளையும் முயன்றவர், அதனால் அவரை வைத்தே ஒப்பிட்டுவிடலாம்.

1990இல் காமன் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கி, சீரழிந்து கிடந்த டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை வாங்கிப் புதுப்பித்து 652 குடியிருப்புகளாக மாற்றினார். தெருவில் இருந்தவர்களும் குறைந்த சம்பளக்காரர்களும் ஒரே கூரைக்கடியில், உதவிக்குச் சமூகப் பணியாளர்களும் அங்கேயே. அருமையான ஏற்பாடுதான். ஆனால் சுற்றியிருந்த தெருக்களில் பல வருடங்களாகப் படுத்துக் கிடந்த சிலர் அப்படியே கிடந்தார்கள். விண்ணப்பம், சான்றிதழ் என்று அலைய அவர்களால் எங்கே முடியும்?

அப்புறம்தான் இரண்டாவது வழி. விடியுமுன் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொருவரின் பெயரையும் உடல்நிலையையும் கேட்டு எழுதி, சாகும் அபாயம் யாருக்கு அதிகமோ அவருக்கே முதலில் வீடு. 2010 முதல் 2014 வரை இந்த முறையில் அமெரிக்கா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு பெற்றார்கள்.

என் ஓட்டு பட்டியலுக்கே. கட்டிடம் வருகிறவரை ஏற்கும், பட்டியல் வராதவரைத் தேடிப் போகும். சரி, வாடகைக்கு வீடே கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்றால், அங்கே பழைய ஹோட்டலைத்தான் தேட வேண்டியிருக்கும்.