41 பெரிதா, 39 பெரிதா? ஈர்க்குச்சி, புளியங்கொட்டை, எண்கோடு: ஓர் ஒப்பீடு

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களை ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் சொல்லித்தர நான்கு பொருள்கள் கைக்கு எட்டுகின்றன: புளியங்கொட்டை, ஈர்க்குச்சிக் கட்டு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் பத்துக் கட்டை (பத்து ஒற்றைகள் சேர்ந்த ஒரே துண்டு), எண்களை வரிசையாகக் குறித்த எண்கோடு. எங்கள் ஓட்டு ஈர்க்குச்சிக்குத்தான். அது மலிவு என்பது கூடுதல் லாபம். நாங்கள் முக்கியமாகப் பார்த்தது, பத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் பிள்ளையால் முடிகிறதா என்பதை.

முதலில் புளியங்கொட்டை. புளி உலுக்கிக் கொட்டை எடுக்கும் மாசி, பங்குனியில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு படி கொட்டை கேட்டால் யாரும் தந்துவிடுவார்கள். கழுவிக் காயவைத்தால் போதும். 20 வரை இதற்கு ஈடில்லை. 7 கொட்டையையும் 9 கொட்டையையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைக்கச் சொன்னால், ஜோடியில்லாமல் நிற்கும் இரண்டைப் பிள்ளையே காட்டிவிடும். நேருக்கு நேர் வைக்காவிட்டால், 7 கொட்டையை அகலப் பரப்பிய வரிசையைத்தான் பெரிது என்னும். ஐந்து வயதில் அது இயல்பு. 20-ஐத் தாண்டியதும் எல்லாம் குவியலாகிறது. எண்ணி முடிப்பதற்குள் எதற்கு எண்ணினோம் என்பதே போய்விடும். தீப்பெட்டியில் பத்துப் பத்தாகப் போட்டு மூடலாம்தான். ஆனால் உள்ளே இருப்பது கண்ணில் படாததால் பிள்ளை அதை ஒன்று என்றே எண்ணும்.

இனி ஈர்க்குச்சி. பழைய தென்னந்துடைப்பம் போதும். அடிப்பக்கம் தடிமன், நுனி மெலிசு. இரண்டையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். நீளமோ தடிமனோ மாறினால் பிள்ளை எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கட்டின் பருமனை ஒப்பிடத் தொடங்கிவிடும். நறுக்கிய முனைகளைக் கல்லில் தேய்த்தால் கையில் சிலாம்பு ஏறாது. இரண்டு பிள்ளைகளுக்கு 200 குச்சி: ஆளுக்குப் பத்துப் பத்தாக 9 கட்டு, கட்டாத உதிரி 9, ஒன்று மிச்சம். கட்ட நூல் வேண்டாம், பிள்ளையால் அவிழ்க்க முடியாது. ரப்பர் பேண்ட் நம் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். பழைய சைக்கிள் டியூபை 3 மி.மீ. வளையங்களாக வெட்டி, இரண்டு மூன்று சுற்றுப் போட்டால் நிற்கும்.

இப்போது 39-ஐயும் 41-ஐயும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 3 கட்டு, 9 உதிரி. மறுபக்கம் 4 கட்டு, 1 உதிரி. பல பிள்ளைகள் 39-தான் பெரிது என்று சொல்லும். கண்ணுக்கு அந்தப் பக்கம் 12 உருப்படி, இந்தப் பக்கம் 5 உருப்படி. எழுதிக் காட்டினாலும் இதே தவறுதான், 9 என்ற இலக்கம் கண்ணைப் பறிக்கும். “முதலில் பத்தாமிடத்தைப் பார்” என்று விதி சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரியாகும். ஏன் என்று கேட்டால் விடை வராது, ஒரு மாதத்தில் விதியும் மறந்துபோகும்.

குச்சியில் விதி தேவைப்படாது. மூன்று கட்டுக்கு நேர் மூன்று கட்டு வைத்து, இரண்டு பக்கமும் ஒதுக்கச் சொல்லுங்கள். மிஞ்சியது இங்கே 9 உதிரி, அங்கே ஒரு கட்டும் ஒரு உதிரியும். அந்தக் கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும். 11 குச்சி விழும். 9-ஐயும் 11-ஐயும் கொட்டையில் செய்தது போலவே ஜோடி சேர்த்தால் முடிந்தது. பிளாஸ்டிக் பத்துக் கட்டை இந்த இடத்தில்தான் தோற்கிறது. அழகாக இருக்கும், உடையாது, ஆனால் பிரியாது. அதைக் கொடுத்துப் பத்து ஒற்றைகள் மாற்றிக்கொள்ள வேண்டும், அந்த மாற்றலே புரியாத பிள்ளைக்கு அது இன்னொரு பாடம்.

பராமரிப்பு ஒன்றே ஒன்று, ஆனால் தவறவிடக் கூடாதது: 9 குச்சி உள்ள கட்டு. உருவி விழுந்த ஒரு குச்சி பாடத்தையே பொய்யாக்கிவிடும். தொடங்கும் முன் ஒவ்வொரு கட்டையும் பிள்ளைகளே அவிழ்த்து எண்ணிக் கட்டட்டும். நேர விரயம் போலத் தெரியும். பத்து ஒற்றைகள்தான் ஒரு பத்து என்பது அதில்தான் கையில் படிகிறது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ் எண்பெயர் பழகும் வரை அவர்கள் எந்த மொழியில் எண்ணினாலும் குச்சி ஒன்றே. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபின், கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) எனப் பிரித்த பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியருக்கும் இதே குச்சிகள் போதும்: அரும்புக்கு உதிரி, மொட்டுக்குக் கட்டு, மலருக்குக் கட்டோடு எண் அட்டை.

எண்கோட்டுக்கு வருவோம். வரிசைப்படுத்துதலில் அது குச்சியை வெல்லும். 47, 74, 44, 70 என நான்கு எண்களுக்கும் குச்சி அடுக்கினால் மேசையில் இடமிருக்காது. சுவரில் 5 செ.மீ.க்கு ஒரு குறி போட்டால் 0 முதல் 100 வரை 5 மீட்டர். கயிறு என்றால் இழுத்தால் நீளாத பருத்திக் கயிறு. அட்டைகளைத் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடலாம். கோடு 1-ல் தொடங்கினால் குறிகளை எண்ணுவதா இடைவெளிகளை எண்ணுவதா என்ற குழப்பம் வரும், 0 அவசியம். குறியில்லாத வெறுங்கோட்டில் சிறு எண்களை அகலமாகவும் பெரிய எண்களை நெருக்கியும் வைப்பார்கள். 50-ஐ நடுவில் முதலில் மாட்டிவிட்டால் அது குறையும். குச்சி பழகாமல் நேரே இங்கே வந்தால், வலப்பக்கம் இருப்பது பெரிது என்று இடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளும். எத்தனை பெரிது என்றால் திகைக்கும்.

மூன்றிலக்கத்துக்குக் குச்சியைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். 305-ஐயும் 350-ஐயும் வைக்க 655 குச்சி வேண்டும். அங்கே ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய் விளையாட்டு நோட்டு ஓரளவு உதவும். பிரியாது என்ற குறை அதற்கும் உண்டு, ஆனால் அதற்குள் கட்டு பழகியிருக்கும்.

முதலை வாய் படம் போட்டு >, < சொல்லித்தருவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிள்ளை பல் வரைவதில் மூழ்கிவிடும். இரண்டு குச்சியை ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை விரித்து, விரிந்த பக்கம் பெரிய எண்ணை வைத்தால் போதும். 39 < 41 என்பதை “39, 41-ஐ விடச் சிறியது” என்று இடமிருந்து வலமாக வாய்விட்டுப் படித்த பிறகு நோட்டில் எழுதட்டும்.