நாற்பது ரூபாயில் அலாய் தர்வாசா

தில்லி ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவன் நான். டொராண்டோவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. சின்ன வயதில் குதுப் மினாருக்கு மூன்று முறை பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறேன். மூன்று முறையும் பார்த்தது மினாரையும் தயிர்சாத டப்பாவையும்தான். இந்த விடுமுறையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, அதே வளாகத்தில் இருக்கும் அலாய் தர்வாசா என்ற பழைய நுழைவாயிலுக்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினேன்.

விமான நிலையத்தில் வாங்கிய சிம் அட்டை மறுநாள் மாலைவரை உயிர்பெறவில்லை. விற்ற நிறுவனத்துக்கு நான்கு முறை பேசியும் "இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்" என்றே பதில். கனடா எண்ணுக்குக் கடவுச்சொல் குறுஞ்செய்தியும் வராததால் வாடகைக் கார் செயலியைத் திறக்கவே முடியவில்லை. மஞ்சள் தடத்தில் மெட்ரோ பிடித்துப் போய்விட்டோம். குதுப் மினார் நிலையம் என்று பெயர்தானே தவிர, இறங்கினால் மினார் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து ஆட்டோ தேவை. அக்கா பஞ்சாபி வாடை அடிக்கும் இந்தியில் பேரம் பேசியதில் பாதிக் கட்டணத்தில் முடிந்தது.

நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. "ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டாயா?" என்று அக்கா வாசலில் வைத்து மூன்று முறை கேட்டபோது எரிச்சலாக இருந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை அது. கவுன்டரில் அந்த அட்டையைக் காட்டியதும் ஊழியர் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் நாற்பது ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021 முதல் இந்த அட்டை வைத்திருக்கும் நமக்கும் இந்தியர் கட்டணம்தான். அசல் அட்டையையே கொண்டுபோங்கள்.

உள்ளே கூட்டமெல்லாம் மினாரையும் இரும்புத் தூணையும் நோக்கி ஓடுகிறது. வளாகத்திலுள்ள பழைய பள்ளிவாசலின் தெற்கு வாயிலான அலாய் தர்வாசாவில் ஆள் குறைவு. தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டியது. செம்மணற்கல்லில் வெண்பளிங்கைப் பட்டை பட்டையாகப் பதித்து, விளிம்பெல்லாம் அரபு எழுத்துகளை ஓடவிட்டிருக்கிறார்கள். குதிரை லாட வளைவின் உள்விளிம்பில் வரிசையாகத் தொங்கும் மொட்டுகளை, பக்கத்தில் நின்ற வழிகாட்டி "ஈட்டி முனை" என்றார். என் கண்ணுக்குத் தாமரை மொட்டு. இரண்டு பெயரும் புத்தகங்களில் உண்டு.

அதே வளாகத்தில், இந்த வாயிலுக்கு நூறு வருடம் முந்தைய பள்ளிவாசல் முகப்பைப் பாருங்கள். கற்களைச் சிறிது சிறிதாக முன்னே நீட்டி அடுக்கித்தான் அங்கே வளைவு எழுப்பியிருக்கிறார்கள். இங்கேயோ ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சதுர அறையின் மூலைகளை வளைவுகளால் அடைத்து, எண்கோணமாக்கி, அதன்மேல் குவிமாடத்தை ஏற்றியிருக்கிறார்கள். சுவர் 11 அடி கனம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர்ந்தது. கல் சல்லடைச் சன்னல் வழியே விழுந்த வெளிச்சம் தரையில் கோலப் புள்ளிகளாகக் கிடந்தது. ஒரு குழந்தை அவற்றை ஒவ்வொன்றாக மிதித்து எண்ணிக்கொண்டிருந்தது.

அதே 1311-இல்தான் இந்த அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்துக்கொண்டு திரும்பினான். பாண்டியச் சகோதரர்கள் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்த சமயம். அந்தப் பொன்னில் ஒரு காசாவது இந்தப் பளிங்குக்குச் செலவானதா என்று யாரும் சொல்ல முடியாது. மொட்டுகளை ரசித்துக்கொண்டிருந்த எனக்கு, அது நினைவுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை.

1828-இல் இந்த வாயிலைப் பழுதுபார்த்த ஆங்கிலப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித், மினார் உச்சியிலும் ஒரு மண்டபத்தை வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-இல் இறக்கிவிட்டார்கள். இப்போது அது புல்வெளியில் தனியாக நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, அக்கா கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைத் தின்றோம். ஊறுகாயை மட்டும் மறந்துவிட்டாள்.